செக்ரோல் பார்க்காத கங்காணி

நேயர்களுக்கு வணக்கம். ஞாபகசக்தி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வல்லாரையைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று யாரும் பேனாவைத் தேட வேண்டாம். வல்லாரைச் சம்பல் ருசியானது, சாப்பிடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. எதையும் முதலில் அடுக்கு, அப்புறம் பாடம் பண்ணு.

எங்கள் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் இருந்தார். தொழிலாளர்கள் குடியிருந்தது லயம் என்ற வரிசை வீடுகளில், ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். பனி வேறு. தலையில் கம்பளியைப் போட்டிருந்தால் யார் முகமும் தெரியாது. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு யார் யார் வரவில்லை என்று இவர் சொல்லி முடித்திருப்பார். பையனாக இருந்த நான் ஒருநாள் கேட்டேன்: "எப்படித் தாத்தா இத்தனை பேரு ஞாபகம்?"

"பேரை எவன்டா தேடுனான்? மேட்டு லயத்து மொதக் காம்பராவுல இருந்து மனசாலயே நடந்து வருவேன். கதவுக்குக் கதவு, இந்த வீட்டு ஆளு களத்துல நிக்குதான்னு பாப்பேன். நிக்கலேன்னா அந்தக் கதவுலயே நின்னுக்குவேன். மேட்டு லயம் முடிஞ்சா பணிய லயம். அம்புட்டுதான்."

நிற்பது களத்தில், நடப்பது லயத்தில்! கிரேக்கப் புலவர் சிமோனிடிஸ் பற்றி ரோமாபுரி சிசரோ எழுதிவைத்த கதையும் இதுதான். விருந்து நடந்த மண்டபம் இடிந்து விழுந்து, செத்தவர்களை அடையாளம் காண முடியாமல் போனது. எந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்துச் சிமோனிடிஸ் ஒவ்வொருவராகச் சொன்னாராம். எங்கள் கங்காணிக்கு சிசரோவைத் தெரியாது, லயத்தைத் தெரியும்.

அமெரிக்காவில் கோர்டன் பவர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும், அடுக்கிக் கொடுத்தால் ஞாபகம் கூடுமா என்று 1969இல் சோதித்தார்கள். மொத்தம் 112 சொற்கள். ஒரு கூட்டத்துக்கு வகை பிரித்துக் கொடுத்தார்கள்: கனிமம் என்றால் உலோகம், கல் என்று இரண்டு; அதில் கல் என்றால் மாணிக்கம், வைரம் ஒரு பக்கம், கட்டடக் கல் மறுபக்கம். இன்னொரு கூட்டத்துக்கு அதே சொற்களைக் கலைத்துக் கொடுத்தார்கள். முதல் தடவையிலேயே, வகை பிரித்துப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் சொன்னார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஜோர்ஜ் மாண்ட்லர் 1967இல் வெளியிட்ட சோதனை. சொல் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, உங்கள் இஷ்டப்படி வகை பிரியுங்கள் என்றார். சிலரிடம் ஞாபகமும் வைத்துக்கொள்ளச் சொன்னார், சிலரிடம் அதைச் சொல்லவே இல்லை. கடைசியில் இரண்டு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சொன்னார்கள். அதாவது, பிரித்து அடுக்கிய வேலையிலேயே பாதிப் பாடம் ஏறிவிட்டது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் டியூஷன் நோட்ஸைப் போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கடியில் உருப்போடுகிறார்கள். அடுக்கியவர் சார். பிள்ளை எதை அடுக்கியது? பெற்றோரே, கொப்பியை மூடச் சொல்லுங்கள். இலங்கையின் ஆறுகளைப் படிக்கிறதா? எது எந்தப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது என்று பிள்ளையே பிரிக்கட்டும். களனியும் களுகங்கையும் மேற்கே. வளவை தெற்கே. நம்ம மகாவலி மட்டும் சுற்றிக்கொண்டு வடகிழக்கே, திருகோணமலைப் பக்கம். ஒரு தடவை தாளில் பிரித்து எழுதிய பிள்ளைக்கு வரிசை தானாக வரும். பிரிப்பது கொஞ்சம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு திருத்தலாம். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் அடுக்கு, அப்புறம் பாடம் பண்ணு.

டெலிபோன் நம்பரிலும் இதைத்தானே செய்கிறோம்? 051 என்றதும் ஹட்டன் பக்கம் என்று மூன்று இலக்கமும் ஒன்றாகிவிடுகிறது. மிச்சம் ஏழுதான்.

வயதானவர்களின் மறதி பற்றியும் எழுதி வந்தேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து தம்பி கையைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சரி, ஒன்றை மட்டும் சொல்கிறேன். டவுனுக்குப் போகும்போது சாமான்களைக் கடைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்மசியில் இரண்டு, மரக்கறிக் கடையில் மூன்று, பலசரக்குக் கடையில் நாலு. பஸ்ஸில் இருந்தபடியே மனசால் ஒருமுறை கடைகளுக்குள் ஏறி இறங்குங்கள். மூக்குக் கண்ணாடிக்கு வீட்டில் ஒரே இடம் வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி வையுங்கள். தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் உள்ள தொடர்பை இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.