பஸ்டர் கீட்டனின் பட்டறை

நேயர்களுக்கு வணக்கம். மௌனப் பட நடிகர்கள் என்றாலே, பேசும் படம் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பஸ்டர் கீட்டனுக்கு அந்த வரி பொருந்தாது.

1895இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையில் வேடிக்கை காட்டியவர்கள். பையனைச் சின்ன வயதிலேயே மேடையேற்றிவிட்டார்கள். அப்பா அவனைத் தூக்கி எறிவார். எறிய வசதியாக உடுப்பில் ஒரு பெட்டிக் கைப்பிடியையே தைத்து வைத்திருந்தார்கள்! விழுந்து எழுந்தவன் தானும் சிரித்தால் கூட்டம் அடங்கிவிடும், உம்மென்று நின்றால் கொட்டகை அதிரும். கடைசிவரை கைகொடுத்த அந்த முகம் அப்படி வந்ததுதான்.

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குப் போனவர், கேமராவை இரவல் வாங்கிப்போய்ப் பிரித்துப் பூட்டிப் பார்த்தாராம். 1920இலிருந்து அவருக்கென்றே ஒரு ஸ்டுடியோ. எழுதி வைத்த திரைக்கதை கிடையாது. கதை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று தெரிந்தால் போதும். யோசனை ஓடாவிட்டால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு புயல் காட்சி. அவர் தெருவில் நிற்கிறார். பின்னாலுள்ள வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் தலைக்கு நேரே வந்து இறங்க, ஆள் நின்றது நின்றபடி. கேமரா தந்திரம் எதுவும் இல்லை, கனமான நிஜச் சுவர். தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அவ்வளவுதான். சுவர் வருவதே தெரியாதவர் போல நிற்கிறாரே, எனக்கு அதுதான் பெரிய நடிப்பு.

சரி, சறுக்கியது எங்கே? 1926இல் எடுத்த 'தி ஜெனரல்' படத்துக்காக, எரியும் பாலத்திலிருந்து நிஜ ரயில் இன்ஜினையே ஆற்றில் விழ வைத்தார். செலவு எகிறியது, வசூல் கைகொடுக்கவில்லை. தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், அவருடைய சகலை, எம்ஜிஎம் என்ற பெரிய பட நிறுவனத்தில் சேரச் சொன்னார். சாப்ளின் வேண்டாம் என்று தடுத்தும் 1928இல் கையெழுத்துப் போட்டார். அங்கே எல்லாம் காகிதத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆபத்தான காட்சிகளுக்கு மாற்று ஆள். அவர் பேசி நடித்த படங்கள் அங்கே நன்றாகவே ஓடின. ஸ்பானிஷ், பிரெஞ்சு வசனங்களை ஒலியை மனப்பாடம் செய்துகூடப் பேசினார். குரல் ஒரு குறையே இல்லை. பறிபோனது அவருடைய பட்டறை. குடி முற்றி, 1933இல் வேலையும் போயிற்று. பிறகு அதே நிறுவனத்தில் மற்றவர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கினார்.

1950களில் பழைய படங்கள் மீண்டும் திரைக்கு வந்தன. கௌரவ ஆஸ்காரும் கிடைத்தது. 1965இல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த பிப்ரவரியில் காலமானார்.

அவர் படம் எதையும் பார்த்திராதவர்கள் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் தொடங்கலாம், முக்கால் மணி நேரம்தான். ரயில் கூரைமேல் ஓடி வந்து தண்ணீர்க் குழாயில் தொங்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியதில் கழுத்தெலும்பு முறிந்தது. அது அவருக்கே பல வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. வணக்கம்.