நிறுத்தத் தெரிந்த கை

கோவில் நிர்வாகத்தாருக்கும், பெற்றோர்களுக்கும், நம் சிலம்பப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் இதே மண்டபத்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்து பார்த்தோமே, 2006இல் வந்த ‘ஃபியர்லெஸ்’, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ரோனி யூ இயக்கி, ஜெட் லீ நடித்த படம். முடிந்து வெளியே வந்ததும் பையன்கள் எல்லாரும் மேடைச் சண்டையைச் செய்து காட்டினீர்கள். நாற்று நடுவதை ஒருவரும் செய்து காட்டவில்லை. எனக்கு அந்தக் காட்சிதான் படம்.

ஹுவோ யுவான்ஜியா நிஜமாக வாழ்ந்த ஆசான். 1910இல் காலமானார். அதே ஆண்டு ஷாங்காயில் தொடங்கிய சின் வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கத்தின் பெயரில் நம் கோலாலம்பூரிலும் அரங்கம் இருக்கிறது. படத்தில் வரும் குடும்பக் கொலை கற்பனை. சீடன் சொன்ன பொய்யை நம்பி ஹுவோ இன்னோர் ஆசானை அடித்தே கொன்றுவிடுகிறார். அந்த வீட்டுப் பிள்ளை பழிவாங்க வந்து, இவருடைய தாயையும் சின்ன மகளையும் கொல்கிறான். அப்புறம் தன் உயிரையும் மாய்த்துக்கொள்கிறான். இனி யாரை அடிப்பது?

ஊரைவிட்டுப் போனவரை ஒரு மலைக்கிராமம் காப்பாற்றுகிறது. அங்கே நாற்று நடுவதிலும் போட்டி போடுகிறார். முதலில் முடித்தும் விடுகிறார், எல்லாம் நெருக்கமாக. பார்வையில்லாத ஒரு பெண் இரவில் வந்து, கையால் தடவித் தடவி, அந்த நாற்றுகளைப் பிடுங்கி இடம்விட்டு மறுபடி நடுகிறாள். காற்று வீசினால் அந்த ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்கும். இவர் மட்டும் குனிந்தே இருப்பார். ஒருநாள் இவரும் நிமிர்ந்து, கண்ணை மூடி நிற்கிறார்.

அதைப் பார்த்தபோது எனக்கு அம்மா ஞாபகம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறையில், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைக்க அவரோடு மர நிரைக்குப் போவேன். ஒருநாள் உளியைக் கேட்டு வாங்கி, என் பலத்தைக் காட்ட ஒரே இழுப்பு. அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “மரத்தைத் தொட்டுட்டியேடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே மரத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு உளி நிற்க வேண்டும். நின்றால் பட்டை மறுபடி வளரும், சில வருடம் கழித்து அதே இடத்தில் வெட்டலாம். தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும், அதில் உளி ஓடாது. நானூறு, ஐந்நூறு மரம், விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். ஒவ்வொரு மரத்திலும் அம்மாவின் கை அந்த ஒரு மில்லிமீட்டரில் நின்றது. அதைவிடப் பெரிய பலத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஹுவோவின் அப்பா ஒரு அடியை நிறுத்துவாரே, கவனித்தீர்களா? விழுந்தால் எதிராளி செத்திருப்பான். நிறுத்தியதால் அப்பாவே தோற்கிறார், பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு அவமானம். கடைசிச் சண்டையில், தேநீரில் கலந்த விஷம் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போது, மகனின் முஷ்டி எதிராளி தனாகாவின் மார்புவரை போய் நிற்கிறது. அது அப்பாவின் கை. தனாகா தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்கிறார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அண்ணனைத் திருவிழாவில் அடித்துவிட்டார்கள். தோள் இறங்கிவிட்டது. நான் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் ஆசான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். “போயிட்டு வா தம்பி. கம்பு மட்டும் இங்க இருக்கட்டும்” என்றார். கம்பில்லாமல் போக எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடம் தைரியம் என்று நினைத்தது பிரம்பில்தான் இருந்திருக்கிறது. மூன்று மாதம் அண்ணன் தோளுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். தோள் சரியாகிவிட்டது. என் கொதிப்பு அடங்கத்தான் கூட நாளானது.

இங்கே இருக்கும் சில தம்பிகள் மனதில் இப்போது யார் முகம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

சனிக்கிழமையிலிருந்து தொடுமுறை ஆரம்பிக்கிறோம். கம்பு நுனியில் திருநீறு தடவுவேன். எதிரே நிற்பவர் சட்டையில் பொட்டு விழ வேண்டும், அவருக்கு வலிக்கக் கூடாது. எல்லாரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.