நாய்களுக்கு நடுவே ஒரு நடைபாதை

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அப்பா, பர்மிங்காமில் ஒரு பார்க் இருக்கு, வாங்க" என்றாள். காரில் இரண்டரை மணி நேரம். ஒரு பார்க்குக்காக இவ்வளவு தூரமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினேன்.

கெல்லி இங்ரம் பூங்கா. புல்வெளி, மரம், பெஞ்சு எல்லாம் உண்டு. நடைபாதையில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சுவர். அந்தச் சுவர்களிலிருந்து போலீஸ் நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கின்றன. சிலைதான். ஆனால் பாதை அவற்றுக்கு நடுவேதான் போகிறது. எழுபது வயதுக்காரன் நான், இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு கடந்தேன்.

1963 மே மாதம் அங்கே நிஜ நாய்கள் நின்றன. நிறவேற்றுமையை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் நடத்திய போராட்டம் அது. பெரியவர்கள் சிறைக்குப் போனால் வேலை போய்விடும். அதனால் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மே 2ஆம் தேதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மறுநாள் போலீஸார் நாய்களை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் பிள்ளைகளை அடித்துத் தள்ளினார்கள். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. 1964இல் நிறவேற்றுமைக்குத் தடை போட்ட குடிமை உரிமைச் சட்டம் வந்தது.

பூங்காவில் உள்ள கிங்கின் சிலை, எதிரே உள்ள கறுப்பின மக்களின் தேவாலயத்தைப் பார்த்து நிற்கிறது. அதே 1963 செப்டம்பர் 15 அன்று வெள்ளை நிறவெறியர்கள் அங்கே குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள்.

இன்னொரு சேதி. பூங்காவின் பெயர் கிங்குடையது அல்ல. முதல் உலகப் போரில் இறந்த ஒரு கடற்படை வீரருடையது. அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். நம்ம ஊராக இருந்தால் முதல் வேலையே பெயர்ப்பலகைதான். இரண்டாவது வேலை, சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு.

திரும்பி வந்ததும் நம்ம தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்குப் போனேன். சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் நமக்குத் தெரியும், பள்ளியில் கூட்டிப்போவார்கள், வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவோம். வெள்ளைக்காரன் சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனிதர். நோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தது. அவர் ஓயவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். புண் பட்ட கால், நம்ம பக்கத்துக் கல்லும் முள்ளும். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியிலேயே கண் மூடினார். நாற்பது வயதுதான்.

அவரைச் சுதந்திரப் போராட்ட வீரர் என்கிறோம், சரிதான். ஆனால் டிக்கெட்டுக்குக் காசு இருந்தாலும் ரயிலில் ஏற முடியாத மனிதர் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பர்மிங்காமில் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். வாயால் அல்ல, காலால்.

எனக்கு ஓர் ஆசை. சிவாவின் நினைவிடத்தில் வாசலிலிருந்து மண்டபம் வரை பழைய தண்டவாளம் கொஞ்சம் போடலாம். பக்கத்திலேயே ஒரு மண் பாதை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மண் பாதையில் நடக்கட்டும். "தண்டவாளத்தில் ஏறக் கூடாது" என்று ஒரு பலகை வைத்தால் போதும்.

பிள்ளைகள் எப்படியும் ஏறுவார்கள். ஏறட்டும்.

வணக்கம்.