பாதியில் நிறுத்தப்படும் கேஜின் கதை

நேயர்களுக்கு வணக்கம். வானொலி என்பதால் படம் எதுவும் இல்லாமல் மூளையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். உளவியல் படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரம் மிரள்வதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். இன்றைக்கு உங்கள் கை ஒன்று போதும்.

நெற்றியில் கை வையுங்கள். உள்ளே இருப்பது முன்மடல். திட்டம் போடுவது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாமல் அடக்கிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இதன் பொறுப்பு. கையைக் காதுக்குச் சற்று மேலே கொண்டுவந்தால் பொட்டுமடல்: கேட்பதும் நினைவும். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் தொடு உணர்வு. பின்மண்டையில் பார்வை. ஆமாம், கண் முன்னால்தான், பார்ப்பது பின்னால்! அதற்கும் கீழே, கழுத்தை ஒட்டி, நடை தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூளைக்காயம் என்றதும் எல்லா வகுப்பிலும் ஒரு கதை வரும். அதை எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. வருடம் 1848, செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடிவைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, பினியஸ் கேஜ், வயது 25. துளைக்குள் வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி அவர் கையில். மூன்றரை அடி நீளம், ஆறு கிலோ எடை. மருந்து வெடித்தது. கம்பி இடது கன்னத்துக்குள் நுழைந்து உச்சி மண்டையைப் பிளந்துகொண்டு வெளியே போய் விழுந்தது. ஆள் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்கு வந்து சேர்ந்தார்.

உடல் தேறியது, குணம் மாறியது. பொறுமை இல்லை, வாயைத் திறந்தால் வசை, போட்ட திட்டம் எதிலும் நிற்பதில்லை என்று மருத்துவம் பார்த்த ஹார்லோ எழுதினார். மேஸ்திரி வேலையைத் திரும்பத் தரவில்லை. இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். இதோ, இங்கேதான் பாடம் முடிந்துவிடுகிறது. முன்மடல் போனால் குணம் போகும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம்.

மீதி என்ன ஆயிற்று? 1852இல் கேஜ் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் பயணிகள் போகும் குதிரைவண்டி ஓட்டினார். கொஞ்சம் யோசியுங்கள். குதிரைகளைக் கவனிக்க வேண்டும், நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், கரடுமுரடான பாதையில் அடுத்த வளைவை முன்கூட்டியே கணிக்க வேண்டும், வேற்று மொழிக்காரர்களிடம் முகம் சுளிக்காமல் பேச வேண்டும். எதுவுமே முடியாது என்று பாடம் சொல்கிற மனிதர் செய்த வேலை இது. அன்றாட வேலையின் ஒழுங்கே அவரைப் பெரிதும் மீட்டிருக்கலாம் என்று வாதிடுகிறார் மால்கம் மேக்மில்லன் என்ற உளவியல் அறிஞர். நானும் அவர் கட்சிதான்.

மூளையின் நெகிழ்திறன், அதாவது காயத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்வது, மாயமல்ல. இறந்துபோன நரம்பணுக்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மிஞ்சியவற்றுக்கு இடையிலான இணைப்புகள் பயன்படுத்தப் பயன்படுத்த வலுக்கின்றன. சில வேலைகளைப் பக்கத்துப் பகுதிகள் ஏற்கின்றன. பக்கவாதம் வந்த சிலருக்கு, நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டுப் பலவீனமான கையாலேயே எல்லாவற்றையும் செய்யச் சொல்லும் சிகிச்சை உண்டு. பயன்படுத்த வேண்டும், திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். கேஜுக்குக் குதிரைவண்டி அப்படி ஒரு பயிற்சியாக அமைந்தது என்பது என் எண்ணம்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஸ்கேன் பற்றிச் சொல்லவே இல்லையே! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவுடன் எடுப்பது பெரும்பாலும் சி.டி.; ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் சட்டென்று தெரியும். மென்மையான திசுக்களைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. இரண்டும் சுத்தமாக இருந்தும் ஒருவர் எரிந்து விழலாம், கவனம் நிற்காமல் தவிக்கலாம், அவர் நடிக்கவில்லை. பத்திரிகைகளில் வரும் சிவப்பு, மஞ்சள் படங்கள் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. வகை. அந்தக் கருவி அளப்பது எண்ணத்தை அல்ல, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை. அதுவும் சில வினாடிகள் தாமதமாக. நிறம், கணக்குப் போட்ட பிறகு கணினி பூசுவது. கேஜுக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. 1860இல் இறந்தபோது மூளையை யாரும் பரிசோதிக்கவும் இல்லை. ஹார்வர்டில் இருக்கும் மண்டையோட்டை வைத்துத்தான் கம்பி போன வழியை இன்றும் கணித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஏன் என்பதற்கு இன்னொரு முறைதான் வர வேண்டும். வணக்கம்.