அக்காவின் பேனை சுவரைத் தொட்ட கதை

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை, யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் என் வீட்டு மேசையில்தான் இருக்கிறேன். கையில் இருக்கிற இதை வடிவாகப் பாருங்கள். ஒரு சாண் நீளக் குழாய், வயரிங் வேலைக்குச் சுவரில் பதிப்பார்களே, அந்த பீ.வீ.சி. குழாய்தான். நாங்கள் இதைப் பேனை என்றுதான் சொல்வோம். உள்ளே ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்ட், எம்பியு-6050 என்ற அசைவு உணரி, ஒரு சின்ன லித்தியம் பற்றரி. பெருவிரலுக்கு நேரே ஒரு பொத்தான். புளூடூத்தில் மவுஸ் என்று சொல்லி லப்டொப்போடு சேர்ந்துகொள்ளும்.

இது என் அக்காவுக்காகச் செய்தது. அக்கா ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறார். ரியூசன் கொட்டகையில் புரொஜெக்டரில் இதயத்தின் படத்தைப் போட்டு, லேசரால் காட்டுவார். முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் அதே வகுப்பை வீட்டிலிருந்து சூமில் பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சூமில் போவது லப்டொப்பின் திரை. சுவரில் விழுகிற சிவப்புப் புள்ளி அதில் இருக்காது. "ரீச்சர், எந்த வால்வு?" என்று ஒரு பிள்ளை மூன்று தடவை எழுதிக் கேட்டதாம். வகுப்பு முடிந்த பிறகுதான் அக்கா அதைப் பார்த்திருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நினைத்தேன், புள்ளி சுவரில் விழக்கூடாது, படத்துக்குள்ளேயே ஓட வேண்டும்.

முதலில் எனக்குத் தோன்றிய வழி உங்களில் பலருக்கும் தோன்றும். ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறுகிற வீதத்தை, அளந்து தொகையிட்டால் வேகம், வேகத்தைத் தொகையிட்டால் இடப்பெயர்ச்சி. இணைந்த கணிதம் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே. செய்து பார்த்தேன். பேனை மேசையில் அசையாமல் கிடக்கிறது, அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடிப்போய் நிற்கிறது.

ஏன் அப்படி? உணரிக்கு ஆர்முடுகலும் புவியீர்ப்பும் ஒன்றாகத்தான் தெரியும். புவியீர்ப்பைக் கழிக்க வேண்டுமென்றால் பேனை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சரிவில் 1 பாகை பிழைத்தாலே போதும். 9.8 ஐ சைன் 1 பாகையால் பெருக்குங்கள், 0.17 வரும். இல்லாத ஓர் ஆர்முடுகல் வந்து குந்திவிட்டது. இனி அதை இடப்பெயர்ச்சிக்கான ½at² இல் போடுங்கள். 1 செக்கனில் 8 சென்ரிமீற்றருக்கு மேல். 10 செக்கனில் 8 மீற்றருக்கு மேல், அதாவது பக்கத்து வளவு.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு அக்காவின் வகுப்பில் பின்வாங்கில் இருந்து அவருடைய கையை மட்டும் பார்த்தேன். கை நகரவே இல்லை. மணிக்கட்டுத்தான் திரும்புகிறது. சுவர் 4 மீற்றர் தூரத்தில் இருந்தால் 1 பாகைத் திருப்பம் சுவரில் 7 சென்ரிமீற்றர். படம் 2 மீற்றர் அகலம், 1920 பிக்சல் என்று வையுங்கள், அது 67 பிக்சல். முழுப் படத்தையும் ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரை காட்ட 30 பாகைகூடத் தேவையில்லை. அப்படியென்றால் அளக்க வேண்டியது இடத்தை அல்ல, திருப்பத்தை. அதே உணரிக்குள் ஜைரோவும் இருக்கிறது. அது கோணவேகத்தை, அதாவது செக்கனுக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பதை, தரும், ஒரே ஒரு தடவை தொகையிட்டால் கோணம் வந்துவிடும்.

ஜைரோவிலும் பிழை உண்டு. இந்தச் சில்லு அசையாமல் இருக்கும்போதே செக்கனுக்கு 20 பாகை வரை திரும்புவதாகக் காட்டலாம் என்று அதைச் செய்தவர்களே தரவுத்தாளில் எழுதியிருக்கிறார்கள். அதனால் சுவிட்சைப் போட்டதும் பேனையை மேசையில் வைத்து 3 செக்கன் பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆயிரம் அளவீடு எடுத்து, சராசரியைக் கழித்துவிடுகிறேன். அப்புறமும் ஒரு மிச்சம் இருக்கும். செக்கனுக்கு 0.05 பாகை மிஞ்சினாலும் ஒரு நிமிடத்தில் 3 பாகை, சுவரில் 21 சென்ரிமீற்றர். இந்த மிச்சம் வெப்பநிலையோடு மாறும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காலையில் சரிசெய்தது மத்தியானத்துக்கு நிற்காது.

காந்த உணரி ஒன்று சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கொட்டகையின் தூணும் வளையும் எல்லாம் இரும்பு, திசைகாட்டி அங்கே வடக்கைச் சரியாகக் காட்டாது.

பருத்தித்துறைப் பக்கம் இரவில் கடலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு நேரம் ஓடினோம், இந்தப் பக்கம் திரும்பினோம் என்று கணக்கு வைத்துக்கொண்டே போகலாம். கணக்கு மெல்ல மெல்லப் பிழைக்கும். வெளிச்சவீடு கண்ணில் பட்ட உடனே எல்லாம் நேராகிவிடும். ஜைரோ அந்தக் கணக்கு மட்டும்தான், வெளிச்சவீடு அதற்கு இல்லை. 2006 இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியில் இது வடிவாகத் தெரியும். ரீவிக்குக் கீழே வைக்கிற அந்தக் கறுப்புப் பட்டையில் உணரி எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் அகச்சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள்தான். கையில் இருக்கிற ரிமோட்டின் நுனியில் உள்ள கமரா அவற்றைப் பார்த்துத் தான் எங்கே குறிவைக்கிறது என்று கண்டுபிடிக்கும். பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுதிரி வைத்தாலும் வேலை செய்யும். ஜைரோ அதற்கு 2009 இல்தான் தனி இணைப்பாக வந்தது.

என்னிடம் இப்போது கமரா இல்லை. அதனால் பொத்தானை நம்பினேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அம்புக்குறி ஓடும், விட்டால் அப்படியே நிற்கும். மவுஸைத் தூக்கி வைப்பதுபோலத்தான். அக்கா ஒரு தடவை அழுத்துவது 5 செக்கனோ 6 செக்கனோ, அதற்குள் பிழை ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர்தான். அந்த 2 சென்ரிமீற்றரையும் அவருடைய கண் பார்த்துக் கை தானாகத் திருத்திவிடுகிறது. நான் மாதக்கணக்கில் எழுதினாலும் அந்தத் திருத்தத்தை இவ்வளவு நன்றாக எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், அக்கா இதைச் சோக்குக்கட்டி பிடிப்பதுபோலப் பிடிப்பார். கை உருண்டுவிடும். பிறகு வலப்பக்கம் காட்டினால் அம்புக்குறி சரிவாக மேலே ஏறும். இங்கேதான் நான் ஒதுக்கிவைத்த ஆர்முடுகல்மானி கைகொடுத்தது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அது சொல்லும், பேனை உருண்ட அளவுக்குக் கணக்கைத் திருப்பிவிடலாம். கை நடுக்கமும் உண்டு, எல்லோருடைய கையும் செக்கனுக்கு 8 முதல் 12 தடவை மெல்ல நடுங்கும். அதற்கு 2012 இல் வெளிவந்த ஒன் யூரோ ஃபில்டர் என்ற வடிகட்டும் கணக்கைப் போட்டேன். மெதுவாக அசைத்தால் நன்றாக வடிக்கும், வேகமாக அசைத்தால் விட்டுக்கொடுக்கும்.

போன சனிக்கிழமை வகுப்பில் பின்வாங்கில் இருந்து என் போனில் சூமைத் திறந்து வைத்தேன். அக்கா இருகூர் வால்வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சுவரில் முதலில் தெரிந்தது, ஒரு கணம் பிந்திப் போனிலும் அதே வட்டம். "இதுதான் பிள்ளையள்" என்றார். எந்த வால்வு என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை.

அகச்சிவப்பு எல்.ஈ.டி. இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். படத்தின் மேல் விளிம்பில் பூட்டிவிட்டு, பேனையின் நுனிக்கு ஏற்ற சின்னக் கமரா தேடப் போகிறேன். கிடைத்ததும் கொட்டகையிலிருந்தே கதைக்கிறேன்.