நோட்டை இரண்டாம் முறை திறக்கும்போது

அனைவருக்கும் மாலை வணக்கம்.

2022 மார்ச் மாதம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில், நூலகரின் அறைக்கு வெளியே யாரோ ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பைக்குள் ஒரு பழுப்பு உறை. அதன்மேல் நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து. பிரித்தால், அஞ்சலட்டை அளவில் இரண்டு சின்ன நோட்டுகள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த சார்லஸ் டார்வினின் நோட்டுகள் அவை. வைத்தது யார் என்று தெரியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதில் ஒரு நோட்டு 1837-இல் தொடங்கியது. டார்வினுக்கு அப்போது 28 வயது. 36-ஆம் பக்கத்தின் மேலே ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதி, கீழே கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரத்தைக் கிறுக்கியிருக்கிறார். உயிரினங்கள் எல்லாம் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தவை என்பதைச் சொல்லும் படம் அது. அந்த எண்ணம் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற புத்தகமாக வந்தது 1859 நவம்பர் 24. நடுவே 22 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தங்கை கேட்டார்: “நல்ல நல்ல யோசனையா வருது சார், எழுதியும் வைக்கிறேன். ஆனா ஒண்ணும் கதையா மாற மாட்டேங்குது.” அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. என் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் ‘மழை, கதவு, அத்தை’ என்று மூன்றே சொல். எழுதியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது நினைவிருக்கிறது. நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது மழை இருந்தது, கதவு இருந்தது, அத்தையும் இருந்தாள். கதை மட்டும் இல்லை. இன்றுவரை அது திரும்பவில்லை.

டார்வினிடம் நான் முதலில் கற்றது இந்த இடத்தில்தான். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றியபோது, சட்டைப் பையில் அடங்கும் 15 சிறிய நோட்டுகளை அவர் நிரப்பினார். கரையில் நடக்கும்போது பென்சிலால் துண்டு துண்டாகக் குறிப்பார். அது அரைகுறைதான். அப்புறம் கப்பலுக்குத் திரும்பியதும், நினைவு சூடாக இருக்கும்போதே, மை தொட்டு முழு வாக்கியங்களாக எழுதுவார். பென்சில் நோட்டு ஒன்று, மை நோட்டு இன்னொன்று. நாம் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, எண்ணத்தைப் பிடித்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம்.

1838 செப்டம்பர் 28 அன்று மால்தஸ் எழுதிய மக்கள்தொகைப் புத்தகத்தைப் படித்து, நோட்டில் குறிப்பு எழுதினார். உணவைவிட உயிர்கள் வேகமாகப் பெருகும், போராட்டத்தில் தாக்குப்பிடிப்பவை நிலைக்கும் என்ற திறவுகோல் அவருக்கு அங்கே கிடைத்தது. நானாக இருந்தால் மறுநாளே எழுத உட்கார்ந்திருப்பேன். அவர் உட்காரவில்லை. தன் எண்ணமே தன்னை ஒருபக்கம் சாய்த்துவிடுமோ என்று தயங்கி, சிறு சுருக்கம்கூட எழுதாமல் 1842 வரை காத்திருந்தார்.

காத்திருந்தபோதும் சும்மா இல்லை. தன் கருத்துக்கு எதிரான ஒரு செய்தி கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் எழுதி வைப்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். சாதகமானவை மனதில் தங்கிவிடும், பாதகமானவை நழுவிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டவர். கதை எழுதுகிறவருக்கும் இது பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ‘இந்தக் கிழவர் இப்படிப் பேசமாட்டாரே’ என்று உள்ளே ஒரு குரல் எழும். அந்தக் குரலைத்தான் நாம் எழுதி வைப்பதில்லை. பிடித்த வரியை மட்டும் எழுதிக்கொள்கிறோம். பிறகு பத்தாவது பக்கத்தில் கதை முட்டிக்கொண்டு நிற்கும், காரணம் புரியாது.

சரி, குறிப்புகள் குவிந்தாயிற்று. அவற்றை என்ன செய்வது? அவருடைய அறையில், பொருள் எழுதி ஒட்டிய தட்டுகளில், முப்பது நாற்பது பெரிய காகித உறைகள் இருந்தன. எந்தத் துணுக்கும் அதற்குரிய உறைக்குள் போகும். தடித்த புத்தகம் கையில் பிடிக்கக் கனமாக இருந்தால் இரண்டாகப் பிய்த்துக்கொள்வார். தன் சொந்த நோட்டையும் அவர் விடவில்லை. பயன்படும் பக்கங்களை நறுக்கி எடுத்து, அந்தந்த உறையில் சேர்த்தார். நோட்டை நாம் பூஜை அறைப் பொருள் மாதிரி வைத்திருக்கிறோம். நல்ல அட்டை, நல்ல பேனா, அழகான கையெழுத்து. அவருக்கு அது களத்து நெல். குத்திப் புடைத்தால்தான் அரிசி.

1842-இல் பென்சிலால் 35 பக்கம். 1844-இல் அது ஏறத்தாழ 230 பக்கமாக வளர்ந்தது. அந்த ஆண்டு மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார்: நான் திடீரென்று இறந்துவிட்டால், 400 பவுண்டு ஒதுக்கி, தகுந்த ஒருவரைக் கொண்டு இதை வெளியிடு என்று. தன் எண்ணத்தை அந்த அளவுக்கு மதித்தவர், அதன்பின் எட்டு ஆண்டுகள் பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு கடலுயிர்களை அறுத்து ஆராய்ந்தார். அதை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அவருடைய விரல்கள் அங்கேதான் கற்றன.

1856-இல் பெரிய புத்தகத்தைத் தொடங்கினார். 1858 ஜூனில் தூரத் தீவுகளிலிருந்து வாலஸ் என்ற இளைஞரின் கட்டுரை தபாலில் வந்தது. அதே கருத்து! ஜூலை 1 அன்று இருவரின் எழுத்தும் லண்டனில் இயற்கை ஆய்வாளர்கள் கூடும் லின்னேயன் சங்கத்தில் சேர்த்தே வாசிக்கப்பட்டன. அப்புறம் பெரிய புத்தகத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் சுருக்கத்தை எழுத உட்கார்ந்தார். பதின்மூன்று மாதமும் பத்து நாளும் ஆயிற்று என்று கணக்குச் சொல்கிறார். உலகம் இன்றும் படிப்பது அந்தச் சுருக்கத்தைத்தான். முழுமையான புத்தகத்துக்காகவே காத்திருந்தால் எதுவும் வந்திருக்காது. நறுக்கி வைத்த உறைகள் இல்லாமல் பதின்மூன்று மாதத்தில் முடித்திருக்கவும் முடியாது.

எழுதும் விதமும் சொல்கிறேன். முதலில் வாக்கியத்தை யோசித்து யோசித்து எழுதிப் பார்த்தார். பின்னாளில், பாதிச் சொற்களைச் சுருக்கி, மோசமான கையெழுத்தில் பக்கம் பக்கமாகக் கிறுக்கிவிட்டு, பிறகு நிதானமாகத் திருத்தினார். அதிலேயே நேரம் மிச்சம் என்று கண்டார். தங்கச்சி, நீங்கள் இதை முயன்று பாருங்கள். முதல் படியில் அழகு வேண்டாம்.

இன்று மத்தியானம் நான் வந்த பஸ்ஸில் ஒரு பாட்டி, காலியாக இருந்த பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார். கண்டக்டர் ஏன் என்று கேட்கவில்லை, கிழித்துக் கொடுத்தார். டிக்கெட்டின் பின்புறம் நான்கு சொல் குறித்திருக்கிறேன். திரும்பிப் போக எட்டரை மணிக்குத்தான் பஸ். அதற்குள் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பாட்டியின் கை, பை, குரல் எல்லாவற்றையும் முழு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். அதனால் விடைபெறுகிறேன். வணக்கம்.