கோபம் எப்போது வந்தது?

வணக்கம். வானொலியில் பேச உட்கார்ந்ததும் "ஏதாவது ரெண்டு வார்த்தை பேசுங்க, குரல் அளவு பார்த்துக்கிறோம்" என்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு உரைக்குப் போய்விடுவார்கள். 1984 ஆகஸ்ட் 11ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், தன் சனிக்கிழமை வானொலி உரைக்கு முன்னால் இந்தச் சோதனையின்போது என்ன சொன்னார் தெரியுமா? ரஷ்யாவை நிரந்தரமாகத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்னும் ஐந்து நிமிடத்தில் குண்டுவீச்சு ஆரம்பம் என்றார். ஜோக்காம். ஒலிபரப்பாகவில்லை, ஆனாலும் கசிந்துவிட்டது. சோவியத் அரசு கொதித்தது, பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அந்த நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ அவர்தான் ஜெயித்தார்.

அணுகுண்டை வைத்து விளையாடியவரை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டவர் பட்ட பாடு வேறு. 2010 ஏப்ரல் 28, தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் ராச்டேல் என்ற ஊரில், தன் கட்சிக்கே காலம் காலமாக ஓட்டுப் போட்ட ஒரு வயதான அம்மாவிடம் பேசினார். அந்த அம்மா நாட்டின் கடன், ஓய்வூதியம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்று பலதையும் கேட்டார், பிரவுனும் சிரித்தபடியே பதில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் மாட்டியிருந்த தொலைக்காட்சி மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். காருக்குள் உதவியாளரிடம் அந்த அம்மாவைக் குறுகிய மனம் படைத்தவர் என்ற பொருளில் திட்டியது அப்படியே பதிவாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வானொலி நிலையத்தில் பேட்டிக்கு உட்கார்ந்தபோது அந்தப் பதிவையே அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் கையால் முகத்தைத் தாங்கிக் குனிந்து உட்கார்ந்ததை அங்கிருந்த கேமரா பிடித்துக்கொண்டது. வானொலிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். அப்புறம் அந்த அம்மா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

இதில் எல்லோரையும் சுட்டது அந்த வார்த்தை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே சிரிப்பு, கார்க் கதவு மூடியதும் வசவு. தலைவர்கள் நம்மைப் பற்றி முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் பேசுவார்கள் என்று மக்களுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்குக் கையில் ஆதாரம் கிடைத்தால் விடுவார்களா? 2012இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி, நிதி தரும் பணக்காரர்களிடம் மட்டும் பேசுவதாக நினைத்து, 47 சதவீத மக்கள் அரசாங்கத்தை நம்பியே இருப்பவர்கள், என்ன ஆனாலும் எதிராளிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று சொன்னதும் இதே கதைதான். (தேர்தலில் அவருக்குக் கிடைத்த ஓட்டும் சுமார் 47 சதவீதம். விதி என்று சொல்வதா, கிண்டல் என்று சொல்வதா!)

ஆனால் ராச்டேலில் இன்னொரு விஷயம் நடந்தது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நாட்டளவில் பிரவுன் கட்சி தோற்றது, ஆனால் அந்த ராச்டேல் தொகுதியில் அவர் கட்சி வேட்பாளர்தான் ஜெயித்தார். அப்படியென்றால் அத்தனை நாள் தலைப்புச் செய்தியில் எரிந்தது யாருடைய கோபம்?

இதற்கு 1976இல் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டருடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் என்பதே கிடையாது என்றார். போலந்திலும் ஹங்கேரியிலும் சோவியத் படைகள் உட்கார்ந்திருந்த காலம் அது. கேள்வி கேட்ட பத்திரிகையாளரே திகைத்துப்போய், திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பும் கொடுத்தார், மனிதர் விடாப்பிடியாக அதையே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், விவாதம் முடிந்த கையோடு பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டபோது ஃபோர்டுதான் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் அதிகம். மறுநாள் முழுக்கச் செய்திகளில் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். மறுநாள் இரவு கேட்டபோது கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று பெரும்பான்மை புரண்டிருந்தது. விவாதம் மாறவில்லை, பார்த்தவர்களும் அவர்களேதான், நடுவில் போனது ஒரு பகல். ஃபோர்டு சொன்னது தப்புதான், நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. கேட்டபோது வராத கோபம் மறுநாள் மற்றவர்கள் சொன்ன பிறகு வந்தது என்பதைத்தான் சொல்கிறேன். இப்போது ஒரு பகல்கூட வேண்டாம். முழுப் பேச்சு முடிவதற்குள் பதினைந்து நொடி துண்டு போனில் வந்துவிடுகிறது, கூடவே நாம் எப்படிக் கோபப்பட வேண்டும் என்ற குறிப்பும்.

சரி, நேரில் கேட்டவர்களின் கோபம் மட்டும் எப்போதும் சரியா என்றால் அதுவும் இல்லை. 1988 நவம்பர் 10, யூதர்கள் மீது நாஜிகள் நடத்திய தாக்குதலின் 50ஆம் ஆண்டு நினைவுக் கூட்டம். மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றத்தின் தலைவர் பிலிப் யென்னிங்கர் பேசினார். அந்தக் காலத்துச் சாதாரண ஜெர்மானியர்கள் ஹிட்லரிடம் எப்படி மயங்கினார்கள், யூதர்களைப் பற்றி மனசுக்குள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டப் பார்த்தார். நோக்கம் கண்டனம்தான். ஆனால் மனிதர் ஏற்ற இறக்கமே இல்லாமல் காகிதத்தைப் பார்த்து ஒரே தொனியில் படித்தார், இது என் கருத்து, அது அவர்கள் கருத்து என்று பிரித்துக் காட்டவில்லை. உறுப்பினர்கள் வரிசையாக எழுந்து வெளியே போனார்கள். மறுநாளே பதவி விலகினார். பிறகு, ஜெர்மனியில் யூதச் சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான இக்னாட்ஸ் பூபிஸ், அதே உரையின் சில பகுதிகளைத் தன் பேச்சில் சேர்த்துப் பேசிப் பார்த்ததாகவும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்றும் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று தலைவர்கள் கிளம்பினால் அதற்கும் நான் ஆள் இல்லை. யென்னிங்கர் மாதிரி நிஜமாகவே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர்கள் அபூர்வம். மற்றவர்கள் சொல்வதெல்லாம் மனப்பாடமாகிவிட்ட வரிகள்தான்: வெட்டி ஒட்டிவிட்டார்கள், வாய் தவறி வந்துவிட்டது, என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். அந்த 'இருந்தால்' இருக்கிறதே, எனக்கு முதல் வசவைவிட அதுதான் எரிச்சல். புண்பட்டவர் எதிரிலேயே நிற்கிறார், இவர் இன்னும் சந்தேகத்தின் பலனைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறார்.

வாய் தவறுவது என்பதும் எல்லா நேரத்திலும் உண்மை இல்லை. 2022 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் இமானுவேல் மக்ரோன், தடுப்பூசி போடாதவர்களை நிம்மதியாக இருக்க விடப்போவதில்லை என்பதை, அச்சில் ஏற்றத் தயங்கும் கொச்சை வார்த்தையில் ஒரு பத்திரிகைப் பேட்டியிலேயே சொன்னார். நாடாளுமன்றம் அமளியில் நின்றது. அவர் பின்வாங்கவில்லை, சொன்னது சொன்னதுதான் என்றார். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரும்பான்மை உள்ளூரக் கைதட்டும் என்ற கணக்கு அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார்.

எனக்குப் பிடித்த எதிர்வினை, வசவை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் காட்டுவது. அதே பிரான்ஸில் 2008இல் அதிபர் நிக்கோலா சர்க்கோசி, விவசாயக் கண்காட்சியில் கை கொடுக்க மறுத்த ஒருவரைப் பார்த்து, போடா மடையா என்பதைவிட மோசமாக ஒன்று சொன்னார். சில மாதம் கழித்து அவர் வேறொரு ஊருக்குப் போனபோது, ஒருவர் அந்த வசவையே அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்து நின்றார். அதிபரை அவமதித்ததாக வழக்கு! அதிபர் சொன்னது பேச்சு, குடிமகன் எழுதினால் குற்றம். 30 யூரோ அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தொகை சின்னதுதானே என்று அவர் விட்டுவிடவில்லை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2013இல் அந்த நீதிமன்றம் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது, அதே ஆண்டு அதிபரை அவமதிப்பது குற்றம் என்ற பழைய சட்டப் பிரிவையே பிரான்ஸ் நீக்கிவிட்டது. சர்க்கோசி முந்தைய ஆண்டே தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போயிருந்தார்.

வணக்கம்.